சான்றிதழ் வாங்கிய பெண் ஆறாம் மாதமும் வேலையில் இருக்கிறாரா?

கேள்வி இதுதான்: கணவரை இழந்தவர்கள், பிரிந்து வந்தவர்கள், வீட்டில் அடி உதைக்குத் தப்பி வந்தவர்கள், வருடக்கணக்கில் வேலைக்கே போகாதவர்கள் என முப்பது பெண்களைச் சேர்த்து ஒரு சிறு அமைப்பு நான்கு மாதம் தையல் பயிற்சி கொடுக்கிறது. ஆர்வமாகத்தான் வருகிறார்கள், சான்றிதழும் வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேலையில் மிஞ்சியிருப்பவர்கள் மிகக் குறைவு. எங்கே கோளாறு, அடுத்த அணியை எப்படி நடத்துவது?

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். 30 பேர் சேர்ந்து, 24 பேர் முடித்து, 20 பேருக்கு வேலை கிடைத்தால் அறிக்கையில் "83 சதவீதம் வேலைவாய்ப்பு" என்று போடுவார்கள். 20-ஐ 24-ஆல் வகுத்து வந்த எண் அது. ஆறாம் மாதம் 9 பேர் வேலையில் இருந்தால், அதைச் சேர்ந்த 30 பேரால் வகுக்க வேண்டும். வருவது 30 சதவீதம். பாதியில் நின்ற அந்த ஆறு பேர்தான் பெரும்பாலும் இருப்பவர்களிலேயே அதிகச் சிரமத்தில் இருந்தவர்கள். அவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்களே பதிவேட்டில் இல்லாமல் போவார்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தரைக்கு இறக்க வேண்டும். வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சி ஆய்வுகளைப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி 2017-ல் தொகுத்துப் பார்த்தார். பயிற்சி வாய்ப்பு பெற்ற 100 பேரில், அந்தப் பயிற்சியால் மட்டுமே கூடுதலாக வேலைக்குப் போனவர்கள் மூன்று பேர்கூட இல்லை. மீதி வேலைக்குப் போனவர்கள் பயிற்சி இல்லாமலும் போயிருப்பார்கள். ஆகவே உங்களுக்கு நேர்ந்தது அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தச் சராசரிக்கு மேலே நன்றாக நிற்கும் திட்டங்களும் உண்டு. லைபீரியாவில் 2010-ல் இளம்பெண்களுக்கென உலக வங்கி ஆதரவுடன் தொடங்கிய பயிற்சியில் வேலையில் இருப்போர் 47 சதவீதமும் வருமானம் 80 சதவீதமும் கூடின. அங்கே வகுப்பு ஆறு மாதம், அதன் பிறகு வேலையில் கூடவே நிற்கும் ஆதரவு இன்னொரு ஆறு மாதம். வகுப்பு நடந்த இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. வருகைக்கேற்பச் சிறு உதவித்தொகை. காலை, மாலை என இரண்டு நேரங்களில் வகுப்பு. பயிற்சி நிறுவனங்களுக்கான பணத்தில் ஒரு பங்கு, பெண்கள் வேலைக்குப் போன பிறகுதான். கொலம்பியாவில் 2001 முதல் 2005 வரை நடந்த இளைஞர் திட்டத்தில் மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. ஏழு வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள பெண்களுக்கு மட்டும் தினப்படி கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே பெண்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் உயர்ந்தது. இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாடத்தைச் சுற்றி இருந்ததைப் பாருங்கள்: குழந்தை, நேரம், கைக்காசு, வேலைக்குள் போன பிறகும் விடாத கை.

உங்கள் பழைய பதிவேட்டை எடுத்து, நின்றுபோனவர்கள் பெயருக்கு எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பஸ் கிடைக்கவில்லை. முதல் சம்பளம் வருவதற்குள் கடன்காரர் வந்துவிட்டார். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். கண் தெரியவில்லை. பிரிந்துபோன கணவர் கேட்டில் வந்து நின்றார். 'தைக்கத் தெரியவில்லை' என்ற வரி அநேகமாக இருக்காது. தெரியாமல் போவதும் உண்டு, ஆனால் அது வேறு விதமான தெரியாமை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு மாதத் தையல் பயிற்சி என்றால் பெரும்பாலான மையங்களில் நடப்பது: மிதி மெஷினிலோ சிறு மோட்டார் மெஷினிலோ அளவெடுத்து, வெட்டி, ஒரு முழு உடையைத் தைத்து முடிப்பது. அதை முடித்தவர் ஆடைத் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் நாளே திகைத்துப் போகிறார். அங்கே யாரும் முழு உடை தைப்பதில்லை. ஒருவருக்குக் காலர் மட்டும், இன்னொருவருக்குத் தோள் இணைப்பு மட்டும். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையலை ஒட்டி ஓடும்; தொழிற்சாலையின் ஒற்றை ஊசி மெஷின் நான்காயிரம், ஐந்தாயிரம் வரை ஓடும். பெடலில் கால் பட்டதும் துணி பறந்துவிடும். பயந்துபோய்த் துணியைப் பின்னாலிருந்து கையால் இழுப்பார்; ஊசி வளையும், உடையும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடிக் காட்டினால்தான் அங்கே புது ஊசி தருவார்கள், ஏனென்றால் ஒரு துண்டு உடைக்குள் போய்விட்டால் சரக்கே திரும்பி வரும். இது தெரியாதவருக்கு அது தண்டனையாகத் தெரியும். முதல் நாளிலேயே மூன்று ஊசி உடைத்தவர் மறுநாள் வராமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கான பயிற்சி செலவு பிடிக்காதது. முதல் மூன்று நாள் நூலே கோர்க்காமல், கோடு போட்ட தாளில் ஓட்ட வையுங்கள். நேர்கோடு, பிறகு சதுரத்தின் மூலைகள், பிறகு வட்டம். ஊசித்துளை கோட்டின் மேலேயே விழுகிறதா என்று தாளே காட்டிக்கொடுக்கும். மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, முட்டியால் லீவரைத் தள்ளி, தாளை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்ப வேண்டும். இரண்டு கையும் தாளிலேயே இருக்கும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிப் பயம் போய்விடும். நான்காம் நாள் நூல். தையலின் அடிப்பக்கம் நூல் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும்: நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு இடையே நூல் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது இழுவை தளர்ந்திருக்கும். துணி சுருங்கினால் இழுவை இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது டார்கெட். ஒரு வேலைத்துண்டுக்கு நிர்ணயித்த நேரம் அரை நிமிடம் என்றால் மணிக்கு 120 துண்டு என்பது நூறு சதவீதத் திறன். புதியவர் முதல் வாரத்தில் 30 சதவீதம், அதாவது 36 துண்டு போட்டாலே நல்ல தொடக்கம். இந்தக் கணக்கு தெரியாத பெண்ணிடம் பக்கத்தில் இருப்பவர் 90 துண்டு போட்டிருப்பதைக் காட்டினால், தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுவார். பயிற்சியின் கடைசி மூன்று வாரம் ஒரே வேலைத்துண்டைக் கடிகாரம் வைத்துத் தைக்க வைத்து, மணிக்கு எத்தனை என்று அவரவர் கையாலேயே சுவரில் எழுத வையுங்கள். நிறுவனத்துடன் பேசும்போது, முதல் எட்டு வாரத்துக்கு வாரவாரியாக எத்தனை சதவீதம் எதிர்பார்ப்பீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கும் நிறுவனம் புதியவர்களை எப்படி நடத்தும் என்பதற்கு அதுவே பதில்.

தையல் இங்கே ஓர் உதாரணம்தான். நோயாளிப் பராமரிப்பு, கணக்கு எழுதுதல், கிடங்கில் பொருள் பிரித்தல், வண்டி ஓட்டுதல் எதுவானாலும் பாடம் எழுதும் முன் அந்த வேலை நடக்கும் இடத்தில் இரண்டு முழு ஷிப்ட் உட்கார்ந்து பாருங்கள். வேலைக்கு எடுக்கும் அதிகாரியிடம் பேசுவதைவிட, சமீபத்தில் வேலையை விட்ட மூன்று பெண்களிடம் பேசுவது அதிகம் சொல்லித்தரும்.

'முதலில் எழுத்து, கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து அடித்தளம் போடுவோம், பிறகு தொழில்' என்று நினைப்பவர்கள் உண்டு. 1980-களில் ராக்பெல்லர் அறக்கட்டளை, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் சிறுபான்மைப் பெண்களுக்காக அமெரிக்காவில் நான்கு நகரங்களில் நான்கு அமைப்புகள் மூலம் பயிற்சி நடத்தி அளந்து பார்த்தது. அட்லாண்டா, பிராவிடென்ஸ், வாஷிங்டன், சான் ஹோசே. வருமானம் தெளிவாக உயர்ந்தது சான் ஹோசேயில் மட்டும். அங்கே படிப்பு குறைவு என்று யாரையும் வடிகட்டவில்லை. முதல் நாளே தொழில் வகுப்பில் உட்கார வைத்து, அந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கையும் வாசிப்பையும் அதற்குள்ளேயே கலந்து சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைக் காப்பகமும் அங்கேயே இருந்தது. பசியோடு வந்தவர், இன்னும் ஆறு மாதம் அ, ஆ படித்தால் பிறகு தொழில் என்று கேட்டால் கிளம்பிவிடுவார். அதேசமயம் அந்த மாதிரியைப் பிறகு வேறு ஊர்களில் நகலெடுத்தபோது பெரும்பாலும் அதே பலன் வரவில்லை. உள்ளூர் முதலாளிகளுடன் வருடக்கணக்காக இருந்த பழக்கத்தையும் நம்பிக்கையையும் நகலெடுக்க முடியாதே.

இனி, பாடத்துக்கு வெளியே. பெண்ணைச் சேர்க்கும்போதே அவருடைய ஒரு நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். வேலை காலை 8.30-க்கு ஆரம்பம், பயணம் ஒரு மணி நேரம், ஆகவே 7.15-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். குழந்தைக் காப்பகம் 9 மணிக்குத் திறக்கும். இடையில் உள்ள ஒன்றே முக்கால் மணி நேரம் குழந்தை எங்கே இருக்கும்? இந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லாவிட்டால் வாழ்க்கையிலும் பதில் இருக்காது. மூன்றாவது வாரம் அது வெடிக்கும். மாலையிலும் அப்படித்தான்: ஷிப்ட் 5.30-க்கு முடியும், ஆனால் 'கொஞ்சம் இருந்துவிட்டுப் போ' என்று வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணி ஆகும். அதைக் கேட்டு எழுதுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும். முதல் பெயர் கைவிடும் நாளில்தான் வேலை போகிறது.

காப்பகம் ஒரு சலுகை அல்ல, நேரடியாக வேலை வாங்கித்தரும் கருவி. நைரோபியின் கோரகோச்சோ குடிசைப்பகுதியில் சிறு குழந்தை உள்ள தாய்மார்களுக்குக் காப்பகக் கட்டணச் சீட்டு மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வேலையில் இருந்த தாய்மாரின் விகிதம் சராசரியாக 8.5 சதவீதப் புள்ளி கூடியது. எந்தத் தொழிலும் சொல்லித்தராமல் கிடைத்த பலன் அது. மேலே சொன்ன மெக்கென்சியின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் கம்மியாக இருக்கும் அமைப்பு அடுத்த மெஷின் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது புரியும்.

தூரமும் அப்படி. பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களில் இலவசத் தையல் வகுப்பை ஊருக்குள்ளேயே வைத்தபோது சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை, பக்கத்து ஊரில் வைத்தபோது சேர்ந்ததைவிடப் பல மடங்கு. கிலோமீட்டர் அல்ல தடை. ஊர் எல்லையைத் தனியாகத் தாண்டுவதுதான். எல்லோரும் சேர்ந்து போக நம்பகமான வண்டி ஏற்பாடு செய்தபோது அந்த இழப்பின் பெரும்பகுதி சரியானது. ஆகவே வேலைக்கு அனுப்பும்போதும் ஒரே பகுதியிலிருந்து இருவர் அல்லது மூவராகச் சேர்த்து, ஒரே ஷிப்டில் அனுப்புங்கள். தனியாகப் போகிறவர் முதலில் நின்றுவிடுகிறார்.

பணம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பயிற்சி 30-ம் தேதி முடிகிறது, உதவித்தொகை அன்றோடு நிற்கிறது. வேலை 8-ம் தேதி ஆரம்பம். மாதம் முடிந்து, கணக்குப் பார்த்து, அடுத்த மாதம் 7-ம் தேதி வாக்கில் சம்பளம். அதுவும் முழு மாதச் சம்பளமாக இருக்காது. நடுவில் ஏறத்தாழ 38 நாள் கையில் காசே இல்லாமல், தினமும் பஸ்ஸுக்கும் காப்பகத்துக்கும் செலவு செய்துகொண்டு ஒருவர் வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனதால் ஏழையாகும் மாதம் அது. அன்றாடக் கூலிக்குத் திரும்பிவிட்டால் சாயங்காலமே காசு கையில். அறிவுள்ள எவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். 'பொறுமை இல்லை' என்று அவரைக் குறை சொல்கிற அறிக்கைகள் எத்தனையோ.

தீர்வு எளிது: மொத்த உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆறு வாரத்துக்கு வாரா வாரம் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடன் தின்றுவிடும். முதல் மாதப் பயணச்சீட்டைக் காசாகக் கொடுக்காமல் சீட்டாகவே வாங்கிக் கொடுங்கள். கூடவே, கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். சம்பளத்தை 100 என்று வைத்தால் பயணம் 12, காப்பகம் 30, பிடித்தம் 12, வெளியே சாப்பிடுவது 8 என்று போக மிஞ்சுவது 38. இருக்கிற வேலையில் வீட்டிலிருந்தே 40 கிடைக்கிறது என்றால் அவர் நிற்கமாட்டார், நிற்கவும் கூடாது; அவருக்கு வேறு வேலை பாருங்கள்.

சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்கில்தான் விழ வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், கிராமப்புற வேலைத்திட்டக் கூலியைப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு, கணக்கைக் கையாளவும் சொல்லிக்கொடுத்தபோது, அந்தப் பெண்கள் வேலைக்குப் போவதே கூடியது. கணக்கு திறந்தால் மட்டும் போதாது. பணம் எடுக்கும் அட்டை யார் பையில் இருக்கிறது, வங்கிச் செய்தி எந்தப் போனுக்கு வருகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், கண். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குப் பக்கத்துப் பார்வை மங்கும். அது வயதின் இயல்பு. அவர் ஊசியில் நூல் கோர்க்க நான்கு முறை முயல்வார், தையல் கோட்டை விட்டு விலகும், 'கவனம் இல்லை' என்று திட்டு வாங்குவார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்து அளந்த ஆய்வு 2018-ல் வந்தது: பறித்த இலையின் அளவு, கண்ணாடி இல்லாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகம். வங்கதேசத்தில் 35 முதல் 65 வயதுக்காரர்களிடம் நடந்து 2024-ல் வெளியானதில் வருமானமே 33 சதவீதம் அதிகம். சேர்க்கை நாளன்று கண் பரிசோதனை முகாம் ஒன்றைச் சேர்த்து வைத்துவிடுங்கள். மொத்தத் திட்டத்திலேயே ஆகக் குறைந்த செலவு இதுவாகத்தான் இருக்கும்.

குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பது பற்றி நிறையப் பேச்சு உண்டு, ஆதாரம் கலவையானது. கர்நாடகத்தில் மழலையர் பள்ளி ஆசிரியைகளின் குடும்பத்தாருக்கு வீடியோ காட்டியும் உரையாடல் நடத்தியும் பார்த்தார்கள். வேலையில் நிலைத்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ரியாதில் வேறு மாதிரி நடந்தது. மனைவி வெளியே வேலை செய்வதில் பெரும்பாலான இளம் கணவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் 'மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை நிலவரத்தைச் சொன்னதும் மனைவியை வேலைத் தேடல் சேவையில் பதிவு செய்தவர்கள் அதிகமானார்கள். எனவே பிரசங்கம் வேண்டாம். வேலையிடத்தை ஒருநாள் திறந்து காட்டுங்கள். ஏற்கெனவே வேலைக்கு அனுப்பியிருக்கும் குடும்பத்தினர் பேசட்டும். கழிப்பறை, பஸ் நிற்கும் இடம், இரவு ஷிப்ட் உண்டா என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

வன்முறையிலிருந்து வந்தவர்களுக்கு மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும், ஆனால் அதற்கு முன் பாதுகாப்பு. அவரிடம் கதை கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை மூன்று: எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யாரென்று சொல்ல வேண்டும், நீங்கள் இங்கே இருப்பது யாருக்குத் தெரியக்கூடாது. சான்றிதழ் விழாப் படத்தை அமைப்பின் பக்கத்தில் போட்டு, தேடிக்கொண்டிருந்தவருக்கு முகவரி கொடுத்துவிடும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் வேலையிடத்தில் ஒரே ஒருவருக்கு விஷயம் தெரியட்டும். வரவேற்பிலும் கேட்டிலும் இருப்பவர்களுக்கு, எந்த ஊழியரின் ஷிப்ட் நேரத்தையும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று பொதுவான விதியாகவே இருந்தால் அவர் தனித்துத் தெரியமாட்டார். 2019-ல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ம் உடன்பாடு, வீட்டு வன்முறை வேலையிடத்தைப் பாதிப்பதை ஒப்புக்கொண்டு அதைக் குறைக்கச் சொல்கிறது. அதோடு வந்த 206-ம் பரிந்துரை, பாதிக்கப்பட்டவருக்கு விடுப்பும் நேரத் தளர்வும் தரலாம் என்கிறது. நிறுவனத்தோடு பேசும்போது 'கருணை காட்டுங்கள்' என்பதைவிட இதைச் சொல்வது எடுபடும்.

அவசரமாக வீட்டை விட்டு வந்தவர்களிடம் காகிதம் இருக்காது. அடையாள அட்டை, பள்ளிச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாம் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். திருமணத்துக்குப் பிறகு மாறிய பெயர் ஓர் அட்டையில், பழைய பெயர் இன்னொன்றில். மறுபிரதிக்கு விண்ணப்பிப்பதைப் பயிற்சியின் முதல் வாரமே தொடங்குங்கள். கடைசி வாரம் தொடங்கினால், வேலை உத்தரவு கையில் இருந்தும் சேர முடியாமல் போகும்.

சான்றிதழைவிடக் கடிதம் கூடுதலாகப் பேசும் இடங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் விண்ணப்பத்தோடு முன்னாள் முதலாளியின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்துப் பார்த்தபோது நேர்காணல் அழைப்பு 61 சதவீதம் கூடியது. அந்தப் பலனில் பெரும்பங்கு பெண்களுக்கே கிடைத்தது. வீட்டு வேலையோ, சமையல் வேலையோ, சில மாதம் கடையில் நின்றதோ, முன்பு செய்த எந்த வேலைக்கும் ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள். 'நல்லவர், நேர்மையானவர்' என்ற பொத்தாம்பொதுக் கடிதம் பயன்படாது. எவ்வளவு காலம், என்ன வேலை, நேரத்துக்கு வருவாரா, புதியதைக் கற்றுக்கொள்வாரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தால் படிப்பவருக்கு உதவும்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் உங்கள் வேலையின் கனமான பகுதி. ஒரு ஆதரவுப் பணியாளருக்கு இருபது பெண்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். மனநல பாதிப்பு உள்ளவர்களை வேலையில் அமர்த்தும் முறைகளில் நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று அந்த இருபதைத்தான் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. முதல் நாள் மாலை, மூன்றாம் நாள், ஏழு, பதினான்கு, முப்பது, அறுபது, தொண்ணூறு: இந்த நாட்களில் போன். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்குங்க' என்றுதான் பதில் வரும். அடுத்த நாள் நின்றுவிடுவார். 'நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க? மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?' என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிறேன் என்று ஏழாம் நாளும் சொன்னால் அது எச்சரிக்கை; அந்த நிறுவனத்தில் இருக்கும் உங்கள் பழைய மாணவி ஒருவரை அன்றே அவரோடு சேர்த்துவிடுங்கள். தொண்ணூறாம் நாளோடு முடித்துக்கொள்ளவும் வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடட்டும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 1992 முதல் நடக்கும் ப்ராஜெக்ட் க்வெஸ்ட் என்ற பயிற்சித் திட்டத்தில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படிப்புக் காலம் முழுவதும் ஆலோசகருடன் வாராந்திரக் கூட்டம் அதன் அடித்தளம். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வருமான வித்தியாசம் பல ஆண்டுகள் கழித்தும் நிலைத்தது.

மென்திறன் வகுப்பு வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் யாருக்கு லாபம் என்று தெரிந்து நடத்துங்கள். பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை எல்லாம் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் உற்பத்தித்திறன் நன்றாக உயர்ந்தது. சம்பளம் ஏறியது அரை சதவீத அளவுக்குத்தான். அப்படியானால் அந்த வகுப்பின் செலவை நிறுவனத்திடம் கேட்பதில் தவறே இல்லை. நீங்கள் கொடுக்க வேண்டிய பாடம் வேறு: சம்பளச் சீட்டைப் படிப்பது, கூடுதல் நேரக் கணக்கைத் தானே நோட்டில் குறிப்பது, சூப்பர்வைசரிடம் விடுப்பு கேட்பது, தொல்லை என்றால் யாரிடம் எழுத்தில் கொடுப்பது. இவற்றை நாற்காலியில் எதிரெதிரே உட்கார வைத்து நடித்துப் பழக்குங்கள், சொற்பொழிவாகச் சொன்னால் நிற்காது.

சுயதொழில் என்று போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். விழா மேடையில் கொடுத்த மெஷின் ஆறு மாதத்தில் துணி காயப்போடும் இடமாகிவிடும். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002-ல் பரம ஏழைப் பெண்களுக்காகத் தொடங்கிய முறையில் கால்நடை போன்ற ஒரு சொத்து, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கான தொகை, பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வீட்டுக்கு வரும் பணியாளர் என எல்லாம் சேர்ந்து இரண்டு ஆண்டு நடக்கும். அதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. உதவி நின்று ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது. இந்தக் கட்டில் எதையாவது செலவுக்காக உருவினால், முதலில் உருவத் தோன்றுவது வாராந்திர வருகைதான். அதை மட்டும் உருவாதீர்கள்.

வெளி நிறுவனத்துக்குப் பயிற்சியை ஒப்பந்தம் விடுவதாக இருந்தால் பணத்தைத் தவணையாகப் பிரியுங்கள்: ஒரு பங்கு பயிற்சி முடிந்ததும், மீதி மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பெண்ணிடம் நேரில் விசாரித்து வேலையை உறுதிசெய்த பிறகு. நேபாளத்தின் வேலைவாய்ப்பு நிதி அப்படித்தான் நடந்தது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: முடிவுக்குப் பணம் என்றதும், எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டும் சேர்க்கத் தொடங்குவார்கள். அதனால்தான் அங்கே அதிகம் ஒடுக்கப்பட்ட பெண்களுக்குக் கூடுதல் தொகை வைத்தார்கள். இன்னொரு பொறி இடைத்தரகர். வேலை வாங்கித்தரப் பெண்ணிடமே கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 1997-ன் 181-ம் பன்னாட்டு உடன்பாடு, குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. மூலச் சான்றிதழை 'வைத்துக்கொள்கிறோம்' என்று கேட்பவரிடமும் கொடுக்கக்கூடாது.

அடுத்த அணிக்கு முப்பது பேர் வேண்டாம், பதினைந்து போதும். மிச்சமாகும் பணம் காப்பகத்துக்கும், வேலைக்குச் சேர்ந்த பிறகு தரும் ஆறு வார உதவித்தொகைக்கும், ஒரு ஆதரவுப் பணியாளருக்கும் போகட்டும். நிறுவனத்தை முதலில் பிடியுங்கள், பாடத்தைப் பிறகு எழுதுங்கள். அதற்கும் முன், பழைய அணியில் நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். முதல் வேலையை விட்டவருக்கு இரண்டாவது வேலை பார்த்துக் கொடுப்பது புதிதாக ஒருவரைப் பயிற்றுவிப்பதைவிடச் செலவு குறைவு. தொழில் அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது, எந்த இடத்தில் இடறினார் என்பதும் இப்போது இருவருக்கும் தெரியும்.